பாலுக்குப் பழகிய ரத்தம்

என் கணவரின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடு இருக்கும். அவர் கண்ணாடி போடுவதில்லை. கூட்டுக்குள் ஒரு சிரிஞ்சும் பஞ்சில் சுற்றிய இரண்டு அட்ரினலின் குப்பிகளும் இருக்கும். எங்கள் மகள் தெரியாமல் பால் கலந்த எதையாவது சாப்பிட்டு மூச்சுத் திணறினால் அவள் தொடையில் போடுவதற்கு. பேனா வடிவில் தயாராக வருகிற ஊசி எங்களுக்குச் சுலபமாகக் கிடைக்கவில்லை. பழைய கட்டடங்களின் விரிசல்களைப் பார்த்து, எது மேல்பூச்சில் மட்டும், எது சுவருக்குள்ளே போகிறது என்று எழுதிக் கொடுப்பது அவர் வேலை. வீட்டிலும் அந்தக் கண்ணைக் கழற்றி வைத்தவர் இல்லை.

அவருடைய குடும்பம் பல தலைமுறையாக மயிலாப்பூர் குளத்தைச் சுற்றியே இருந்தது. நாங்கள்தான் கோட்டூர்புரத்தில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்கு வந்தோம். இடம் மாறினாலும் சாப்பாட்டின் வரிசை மாறவில்லை. எது சாப்பிட்டாலும் கடைசியில் தயிர் சாதம். மகளுக்கு ஒரு வயது தாண்டியிருந்தபோது ஒரு ஸ்பூன் தயிர் சாதம் ஊட்டினேன். உதடு வீங்கியது. வயிற்றிலும் முதுகிலும் தடித்தது. பிறகு மூச்சு இழுப்பு வந்தது. ஆட்டோவில் மருத்துவமனைக்குப் போகிற வழியில் குழந்தை அழுகையை நிறுத்தியது. அதுதான் எங்களை அதிகம் பயமுறுத்தியது.

பால் புரதம் ஒத்துக்கொள்ளவில்லை, வளர வளரப் போய்விடும் என்றார்கள். பல குழந்தைகளுக்குப் போய்விடுகிறது. இவளுக்குப் போகவில்லை.

"தயிர் சாதம் ஆகாதுன்னா இது நம்மாத்துக் குழந்தையே இல்லை, ஆஸ்பத்திரில மாத்திக் குடுத்துட்டா" என்று கணவரின் அண்ணா சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள், மகள் உட்பட. ஆனால் எந்தக் கல்யாணத்திலும் அவள் இலை பந்தியின் கடைசி இலைதான். அதன் பின்னால் என் கணவர், வாக்குச் சாவடி ஏஜென்ட் மாதிரி நிற்பார். பரிமாற வருகிற ஒவ்வொருவரிடமும் பால், தயிர், மோர், நெய், பாயசம் எதுவும் வேண்டாம் என்று சொல்வார். அவள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவர் சாப்பிட உட்காருவார்.

பதினொன்றாம் வகுப்பில் ஒரு நாள் அவள் எங்கள் இருவரையும் உட்கார வைத்துப் பேசினாள். கோயம்புத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் கட்டடக் கலை படிக்க வேண்டும், ஹாஸ்டலில் இருக்க வேண்டும்.

"ஹாஸ்டல் மெஸ்ல யார் நிப்பா உன் பின்னாடி?" என்றார் அவர்.

"யாரும் நிக்கப்படாதுன்னுதாம்ப்பா கேக்கறேன்."

பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து உடம்பைப் பழக்குகிற சிகிச்சை ஒன்று இருப்பதை அவளே தேடிக் கண்டுபிடித்திருந்தாள். அடையாறில் அதைச் செய்கிற டாக்டர் யார் என்றும் விசாரித்து வைத்திருந்தாள். எனக்கு அப்போது தோன்றியது, இவள் பாலுக்காக இதைக் கேட்கவில்லை. பால் எப்படி ருசிக்கும் என்று அவளுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. அவளுக்கு வேண்டியது வீட்டுக்கு வெளியே ஒரு கட்டில்.

டாக்டர் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. பேச்சில் அவசரம் இல்லை. "வெள்ளையணுக்கள்ல பல வகை இருக்கு" என்று ஆரம்பித்தார். "சிலது கிருமியைக் கண்டா அடிக்கும். சிலது தகவல் சொல்லும். இன்னொரு வகை இருக்கு, அதோட வேலையே மத்ததை நிறுத்தறது. ஒழுங்குபடுத்தும் டி-செல்னு சொல்றோம்." பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க பத்திரிகைலதானே இருக்கீங்க? வர்ற நியூஸ் எல்லாத்தையும் போட்டுடுவீங்களா?"

"மாட்டோம்."

"யார் நிறுத்துவாங்க?"

"டெஸ்க்ல இருக்கறவங்க."

"அதுதான் இது. உங்க பொண்ணு உடம்புல ரிப்போர்ட்டருங்க ஜாஸ்தி. பால்னு ஒரு சொட்டு வந்தா எல்லாரும் அதையே முதல் பக்கத்துல போடணும்னு கத்தறாங்க. இது சாதாரண சாப்பாடு, விடுப்பான்னு சொல்ல டெஸ்க்ல ஆள் பத்தல."

நான் பல வருடங்களாக டெஸ்க்கில்தான் இருக்கிறேன். எங்கள் வேலையில் பாதி வெளியே தெரியாது. வந்த செய்தியில் நிருபரின் பெயர் இருக்கும். வராமல் நிறுத்திய செய்திக்குத் தடயமே இருக்காது. கொரோனா காலத்தில் உடல்நலப் பக்கத்தை நான்தான் பார்த்துக்கொண்டேன். எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் கஷாயம், கூட்டும் காய்கறி, கூட்டும் ஆசனம் என்று வாரம் தவறாமல் வந்தது. குறைப்பது எப்படி என்று ஒரு வாசகரும் கேட்டு எழுதியதில்லை. வீட்டுக்கு வந்தால் எதிர்ப்புச் சக்தி அதிகமாகிப்போன ஒரு பெண், தேங்காய்ப் பாலில் காபி கலந்து குடித்துக்கொண்டிருப்பாள்.

டாக்டர் தொடர்ந்தார். அளவு மிகக் குறைவாக, குடல் வழியாக, தினமும் வந்துகொண்டே இருந்தால் இந்த நிறுத்துகிற செல்கள் மெல்ல மெல்லப் பெருகும். அவை சில ரசாயனங்களை வெளியிடும், பக்கத்தில் இருக்கும் செல்களை அமைதிப்படுத்தும். அலர்ஜியைக் கிளப்புகிற செல்களின் சத்தம் குறையும்.

"அது பெருகிடுத்துன்னு எப்படித் தெரியும்?" என்று என் கணவர் கேட்டார். விரிசலுக்குச் சிமென்ட் பூசுகிறவரிடம் கேட்கிற அதே குரல்.

"ரத்தத்துல அதை எண்ணிப் பாக்கற ஆராய்ச்சியெல்லாம் இருக்கு. இங்க நான் பாக்கறது ஒண்ணுதான். இன்னிக்குக் குடுத்த அளவை உடம்பு தாங்கிச்சா இல்லையா. இந்தச் செல் மட்டும்தான் காரணம்னும் நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். ரத்தத்துல வேற மாத்தமும் நடக்குது. முழுசா இன்னும் யாருக்கும் தெரியாது."

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் நான் அவரை நம்பினேன். என் கணவருக்கு அதே வாக்கியம்தான் உறுத்தியது என்று திரும்பும்போது சொன்னார்.

மகள் ஒன்றே ஒன்று கேட்டாள். "நிறுத்தினா அதெல்லாம் மறந்துடுமா டாக்டர்?"

"நிறைய பேருக்கு மறந்துடும். அதனால தினமும் குடிக்கணும். எவ்வளவு வருஷம்னு இப்ப சொல்ல முடியாது. ஜுரம் வந்தா, ராத்திரி சரியாத் தூங்கலைன்னா, குடிச்ச உடனே ஓடியாடினா, நேத்து தாங்கினது இன்னிக்குத் தாங்காது. அதை நீதான் பாத்துக்கணும். அம்மா அப்பா இல்ல."

அவள் என் கணவரைப் பார்த்தாள். அவர் சுவரில் ஒட்டியிருந்த குடலின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் அளவு பால் என்றே சொல்ல முடியாது. நிறைய தண்ணீரில் ஒரு சொட்டுப் பால் கலந்து, அதில் கொஞ்சம் எடுத்து, ஊசி இல்லாத சிரிஞ்சால் வாயில் விட்டார்கள். அளவைக் கூட்டும் நாட்களில் கிளினிக்கில் உட்கார்ந்திருக்க வேண்டும். மற்ற நாட்களில் வீட்டில். குடித்த பிறகு இரண்டு மணி நேரம் ஓடக் கூடாது, வெந்நீரில் குளிக்கக் கூடாது, படுத்துத் தூங்கவும் கூடாது. அந்த நேரம் முழுவதும் என் கணவர் ஏதாவது ஒரு சாக்கில் அவள் அறைப் பக்கம் வருவார். மின்விசிறியின் ரெகுலேட்டரைத் திருகிப் பார்ப்பார். ஜன்னல் கொக்கியைச் சரிபார்ப்பார்.

அவளுடைய தோழி ஒருத்தி அந்த மாதங்களில் அடிக்கடி வருவாள். அந்தப் பெண்ணின் குடும்பம் முன்பு எங்கள் பக்கத்தில் அடையாற்றங்கரையில் இருந்தது. கரையோர வீடுகளை அரசு அகற்றிய பிறகு ஊருக்கு வெளியே குடியிருப்பில் இடம் கொடுத்தார்கள். பள்ளியை மட்டும் மாற்றிக்கொள்ளாமல் இரண்டு பஸ் பிடித்து வந்தாள். ஐந்தாம் வகுப்பிலிருந்து இருவரும் ஒரே பெஞ்ச். டீ குடித்தால் கூட வாயைக் கொப்பளித்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் என் மகள் பக்கத்தில் உட்காருவாள். யாரும் சொல்லிக் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. உள்ளே வரும்போதே கேட்பாள்: "இன்னா, தீர்த்தம் சாப்ட்டியா?"

"ஆச்சு."

"சாமி வந்துச்சா?"

"இன்னும் வரலை. உக்காரு."

நடுவில் ஒரு முறை வந்தது. அன்று அவளுக்கு லேசான ஜலதோஷம். பரீட்சைக்காகத் தூக்கம் கெட்டிருந்தாள். முந்தின நாள் தாங்கிய அதே அளவுதான். கழுத்தெல்லாம் தடித்து, வாந்தி எடுத்து, குரல் கட்டிக்கொண்டது. என் கணவர் ஊசி போட்டார். மருத்துவமனையில் எல்லாம் அடங்கிய பிறகு, அவள் கட்டிலருகே வந்து, "போறும், நிறுத்திடலாம்" என்றார். மகள் கட்டிலிலிருந்து சொன்னாள், "ஜலதோஷத்தோட குடிச்சது என் தப்புப்பா. சிகிச்சை மேல தப்பு இல்லை." டாக்டர் அளவைக் குறைத்து மறுபடி கீழிருந்து ஆரம்பித்தார்.

பிளஸ் டூ முடிந்த கோடையில் அவள் தினமும் அரை டம்ளர் பாலை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். "நீங்கள்லாம் இதை எப்படி ஆசையாக் குடிக்கறேள்?" என்று கேட்பாள். கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. தோழிக்கும் அதே கல்லூரியில் கிடைத்தது. என் கணவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் எழுந்து போய் மோட்டார் போட்டாயிற்றா என்று பார்ப்பார்.

அந்தச் சமயத்தில்தான் அவருடைய அண்ணா பெண்ணின் கல்யாணம், மயிலாப்பூரில் மாட வீதிக்குப் பக்கத்து மண்டபத்தில். முகூர்த்தச் சாப்பாடு. வழக்கம்போல் கடைசி இலை, பின்னால் அவர். நான் எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்ததால் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. பாயசக்காரர் வந்தார், இவர் கை காட்டினார், அவர் தாண்டிப் போனார். தயிர்ப் பச்சடிக்காரரும் அப்படியே. சாதம் போட்டார்கள், பருப்பு வைத்தார்கள். நெய்க் கிண்ணத்தோடு வந்தவர் வயதானவர், நெற்றியில் விபூதி வியர்வையில் கரைந்திருந்தது. "நெய் வேண்டாம்" என்றார் என் கணவர். "ஆகட்டும்" என்றார் அவர், தலையையும் ஆட்டினார், ஆட்டிக்கொண்டே சின்னக் கரண்டியால் சாதத்தின் மேல் ஒரு சொட்டு விட்டுவிட்டு நகர்ந்தார்.

அந்த நேரம் பார்த்து அண்ணா இவர் தோளைத் தட்டி ஏதோ கேட்டார். இவர் திரும்பினார். சொட்டு விழுந்ததை நானும் மகளும் மட்டும்தான் பார்த்தோம். அவள் என்னைப் பார்த்தாள். நான் எழுந்துகொள்ள முயல்வதற்குள் சாதத்தைப் பருப்போடு பிசைந்து ஒரு கவளம் வாயில் போட்டுக்கொண்டாள். இன்னொன்று. பிறகு கையை இலையிலேயே வைத்துக்கொண்டு, "அப்பா, நெய் பட்டுடுத்து. சாப்டுட்டேன்" என்றாள். பச்சடியில் உப்பு இல்லை என்று சொல்வதுபோல்தான் சொன்னாள்.

அவர் முதலில் செய்தது கண்ணாடிக் கூட்டைத் திறந்ததுதான். அவளைக் கூட்டிக்கொண்டு போய், கைகழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தோம். அவர் அவளுக்கு எதிரே இன்னொரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நாடி பார்க்கிறார் என்று நினைத்தேன். கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. சும்மா பிடித்துக்கொண்டிருந்தார்.

"உதடு?"

"லேசா நமநமங்கறது. அவ்வளவுதான்."

"மூச்சு?"

"நன்னா இருக்கு."

இரண்டாம் பந்திக்கு இலை போட்டார்கள். அண்ணா வந்தார். அதற்குள் நெய் பரிமாறியவரைத் தேடிப் பிடித்து அழைத்து வந்திருந்தார். அந்தப் பெரியவருக்கு முகம் வெளுத்திருந்தது, ஆனால் குழப்பம்தான் அதிகம். "நான் நெய் விடலையே மாமா. நீங்க வேண்டாம்னேள், விடலை. அன்னசுத்திதானே பண்ணினேன்."

நான் கேட்ட அளவில் அதில் பொய் இல்லை. இலையில் விழுந்த சாதத்தின் மேல் ஒரு சொட்டு நெய் விட்டால்தான் அது சாப்பிடத் தகுந்த அன்னம். அப்புறம் ஊற்றுகிற கரண்டி நெய்தான் அவருக்கு நெய். அந்த ஒரு சொட்டு பதார்த்தக் கணக்கில் வராது. சுத்தி பண்ணாத சாதத்தை ஒரு பெண் குழந்தைக்குப் போட அவருக்கு மனம் வந்திருக்காது. என் கணவரும் அதே வழக்கத்தில் வளர்ந்தவர்தான். இத்தனை வருடம் பந்திக்குப் பின்னால் நின்று சொல்லி வந்த பட்டியலில் 'சுத்தியும் வேண்டாம்' என்று சேர்க்க வேண்டும் என்று அவருக்கும் தோன்றியதில்லை. முன்பு ஒரு முறை கூட விழவில்லை என்று எப்படிச் சொல்வது? விழுந்ததைப் பார்த்து அவள் அந்தச் சாதத்தை மட்டும் ஒதுக்கியிருக்கிறாள் என்பது அன்று அவளே சொல்லித்தான் தெரிந்தது. எங்களிடம் சொல்லாமல், பல தடவை.

"போங்கோ, ஒண்ணும் ஆகலை" என்றார் என் கணவர் அந்தப் பெரியவரிடம். அவர் போகாமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "குழந்தைக்கு ஏதாவது தரட்டுமா? ரசம்?" என்று கேட்டார். மகள் சிரித்துவிட்டாள்.

நமநமப்பு அடங்கியது. வேறு எதுவும் வரவில்லை. அவள் தினமும் குடிக்கிற அரை டம்ளர் பாலோடு பார்த்தால் அந்தச் சொட்டு ஒன்றுமே இல்லை. அந்தக் கணக்கு அவளுக்குத் தெரியும், அதனால்தான் சாப்பிட்டாள். எங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் அந்த நாற்காலிகளில் மண்டபம் காலியாகிற வரை உட்கார்ந்திருந்தோம்.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் கேட்டார், "தெரிஞ்சுண்டேதானே சாப்ட்டே?"

"ஆமா."

"டாக்டர் சொல்லாம வெளில எதையும் தொடப்படாதுன்னு சொல்லியிருக்கா இல்லையா?"

"சொல்லியிருக்கா. தப்புதான். ஊசி கிட்டக்க இருக்கச்சே தெரிஞ்சுக்கலாம்னு நினைச்சேன்."

"நான் பின்னாடியேதானே நின்னேன்?"

"நீ நின்னுண்டிருக்கச்சேதாம்ப்பா விழுந்தது."

அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள். ஒரு நல்ல செய்தி அறிக்கையில் இருக்க வேண்டிய அளவுதான் அதில் சொற்கள் இருந்தன. அவர் பால்கனிக்குப் போய் ஆற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, மேலே தொட்டி நிரம்பி வழிந்தது. அவருக்கு அது காதில் விழவில்லை. நான்தான் நிறுத்தினேன்.

மறுநாள் அவரே டாக்டரைப் பார்க்கப் போனார். என்னையும் அழைக்கவில்லை. திரும்பி வந்து சொன்னதிலிருந்து நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான்: கல்யாணத்தில் நடந்ததைச் சோதனையாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று டாக்டர் கண்டித்திருக்கிறார். கிளினிக்கில் முறையாகச் சோதித்த பிறகே எதையும் சொல்ல முடியும் என்றிருக்கிறார். இவர் பிறகு, "எப்பவாவது முழுசா குணமாகுமா?" என்று கேட்டிருக்கிறார். "குணம்னு சொல்ல மாட்டேன். தாங்கறா. தாங்கறதைத் தினமும் பழக்கத்துல வெச்சுக்கணும்" என்பது பதில்.

சோதனை நடந்தது. அரை டம்ளர் வரை ஒன்றும் இல்லை. அதற்கு மேல் கொடுத்தபோது வயிறு வலித்து, கையில் தடிப்பு வந்தது, மருந்தில் அடங்கியது. மகள் எதிர்பார்த்ததைவிடக் குறைவு, அவர் பயந்ததைவிட அதிகம். மெஸ்ஸில் தவறி விழுகிற ஒரு சொட்டு அவளை வீழ்த்தாது, ஆனால் ஒரு டம்ளர் பால் வீழ்த்தலாம். இரண்டும் உண்மை. எந்தப் பக்கம் நிற்பது என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. வீட்டில் யாரும் அவசரப்படுத்தவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் கடைக்குப் போய்விட்டு வந்தபோது சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாள் விரித்திருந்தது. அதன் மேல் நாலைந்து சாத்துக்குடி, சிரிஞ்சுகள், தண்ணீர் அடைத்த கண்ணாடிக் குப்பிகள். என் கணவர் நின்றுகொண்டு விளக்க, எதிரில் மகளின் தோழி உட்கார்ந்திருந்தாள். அவளை வரச் சொன்னது இவர்தான் என்று பிறகு தெரிந்தது.

"குப்பியோட கழுத்தை வெளிப்பக்கமா ஒடைக்கணும். உன் பக்கம் இல்லை."

அவள் ஒடித்தாள். குப்பி கையிலேயே நொறுங்கியது.

"இன்னா அங்கிள், இது அப்பளம் மாதிரி கீது."

"இன்னொண்ணு எடு. துணியால பிடிச்சுக்கோ."

இரண்டாவது சரியாக உடைந்தது. மருந்தின் அளவுக்குத் தண்ணீரை இழுத்தாள், காற்றை வெளியேற்றினாள், சாத்துக்குடியை வெகு நேரம் பார்த்தாள்.

"யோசிக்கப்படாது" என்றார் அவர். "குத்தணும்."

"பழம்னா குத்திடுவேன் அங்கிள். இவ தொடைன்னு நெனச்சாதான் கை வரமாட்டேங்குது."

"அப்பப் பழம்னே நெனச்சுக்கோ" என்றாள் மகள். அவள் சோபாவில் தன் அரை டம்ளரைக் குடித்துவிட்டு, ஓடாமல், படுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

தோழி குத்தினாள். ஊசி கோணலாக இறங்கித் தோலில் சறுக்கிச் செய்தித்தாளைக் கிழித்தது. என் கணவர் பழத்தைத் திருப்பி வைத்தார். மறுபடி குத்தச் சொன்னார். நான்காவது பழத்தில் நேராக இறங்கியது. அவர் அதை எடுத்து, துளையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். சுவரில் விரிசலைத் தடவுவது போலவே.

"நேரா இருக்கு" என்றார்.

தோழி சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டாள். மகள் சோபாவிலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் உடைந்த கண்ணாடித் துண்டுகளைச் செய்தித்தாளோடு சேர்த்து மடித்தார். சட்டைப் பையிலிருந்த கூட்டை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு இருவரையும் பொதுவாகப் பார்த்துக் கேட்டார்:

"ஹாஸ்டல்ல ஃப்ரிட்ஜ் இருக்கோ? தினம் பால் வெச்சுக்கணுமே."